ஏற்கெனவே பதிவான பெயர்

உன் லேப்டாப் பையைத் திறந்தால் அந்துருண்டை வாசம் அடிக்கிறது. எலி கடித்துவிடக் கூடாதென்று சலீம் பாய் அதை உன் புடவைகளுக்கு நடுவில், டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார். இப்போது அது போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் என் மேசைமேல் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கப் பையைத் திறந்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மழைக்காற்றில் வாசம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நீ இருந்திருந்தால் இந்நேரம் ஒரு கேள்வி வந்திருக்கும். "தண்ணியும் படல, நெருப்பும் படல, அப்புறம் எப்படிடி இந்த உருண்டை தானா கரைஞ்சு காணாமப் போவுது?" என்று கேட்டிருப்பாய். "உனக்கு வேற வேலை இல்லையா" என்று நானும் சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குள் அப்படித்தான். கேட்பது நீ, சலித்துக்கொள்வது நான். புவியியல் டீச்சர் அலை எப்படி உண்டாகிறது என்று பாடம் எடுத்த அன்று, "அப்ப காத்து நின்ன பிறகும் ஏன் மிஸ் அலை நிக்கல?" என்று கேட்டு வகுப்புக்கு வெளியே நின்றாய். வெளியே நின்றபடியும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "நீ சொல்லு, ஏன்?" என்று வாயசைத்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு மார்க் முக்கியம்.

பன்னிரண்டாவது முடித்ததும் உன் அத்தா உன்னை லாங் ஐலண்டில் கட்டிக்கொடுத்தார். படகு நிற்கும் ஜெட்டியை ஒட்டிய மளிகைக்கடை, கணவர் சலீம் பாய், மாமியார் என்று உன் உலகம் அங்கே அமைந்தது. நான் மெயின்லேண்டுக்குப் போய் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் ஒப்பந்தத்தில் புரோகிராம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். வருஷத்துக்கு ஒருமுறை உன்னைப் பார்க்க வருவேன். அப்படி வந்த ஒரு தடவை கடல் மோசமாகி மூன்று நாள் போட் இல்லாமல் உன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன் அல்லவா, அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

அந்த மூன்று நாளும் உன் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எதுவும் வாங்க வரவில்லை. "போட் ஹை க்யா?", போட் இருக்கிறதா என்று கேட்க வந்தார்கள். தீவின் உள்பக்கத்திலிருந்து நனைந்துகொண்டு நடந்து வந்து, இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்கள். கடல் தாண்டி ரங்கத் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு நிறைமாதப் பெண் இரண்டு முறை வந்து போனாள். நீ அவளை உட்காரவைத்துச் சுடுதண்ணீர் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினாய்.

"நான் என்ன கடை வச்சிருக்கேனா, என்கொயரி கவுண்டரா? இவ இப்படி நடக்கலாமாடி? நீ கம்ப்யூட்டர்தானே படிச்சே. இவங்க வீட்ல உக்காந்தே தெரிஞ்சுக்கற மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா?"

செய்ய முடிந்தது. ஒவ்வொரு ஜெட்டியிலும் நம்பகமான ஒரு ஆள் காலையில் போனை எடுத்து, இன்று போட் உண்டு அல்லது இல்லை என்று ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், மற்ற எல்லோர் போனிலும் தெரிந்துவிடும். அந்தச் செயலிக்கு 'போட் உண்டா' என்று பெயர் வைத்தவள் நீ. "மலையாளிக்கும் புரியும், தமிழனுக்கும் புரியும், கேட்டுக் கேட்டு பெங்காலிக்கும் பழகிடும்" என்றாய். லாங் ஐலண்ட் ஜெட்டிக்கான ஆளும் நீயேதான். கண்ட இடத்தில் கண்டவர்கள் பொய்த் தகவல் போடக் கூடாது என்பதால், பொத்தானை அமுக்கும் ஆட்களுக்கு மட்டும் போனுக்கு ஓடிபி வரும்படி வைத்திருந்தேன். அந்த எண்ணைப் போட்டால்தான் உள்ளே போக முடியும்.

அடுத்த முறை வந்தபோது ஒரு பென் டிரைவை உன்னிடம் கொடுத்தேன். செயலியின் மொத்த புரோகிராம் எழுத்தும் அதில் இருந்தது. என் லேப்டாப் கெட்டுப்போனால் ஒரு நகல் எங்காவது இருக்கட்டும் என்றுதான். "இதுக்குள்ள சாவி ஒண்ணு இருக்கு. நான் எழுதினதுதான்னு நிரூபிக்கற கையெழுத்து மாதிரி. அந்தச் சாவிக்கு ஒரு கைரேகை உண்டு" என்றேன். உன் கண் உடனே விரிந்தது. "கைரேகையா? யாரோட கைரேகை?" நான் பதில் சொல்லவில்லை. போட் வந்துவிட்டிருந்தது, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அதற்கப்புறம் போனில் ஒருநாள் நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இங்க டவர் இருக்கற லட்சணத்துக்கு ஓடிபி வர்றதுக்குள்ள போட்டே போயிடுது. மெயில் ஐடி வச்சு உள்ள போற மாதிரி எல்லா ஆப்லயும் இருக்கே, அதை நம்மளும் வச்சா என்ன?"

எனக்கு அன்று ஒரு ஆபீஸில் ஆடிட் வேலை. தலைக்குமேல் வெள்ளம். "அதுக்கெல்லாம் தனியா ரிஜிஸ்டர் பண்ணணும், கிளையண்ட் ஐடி வாங்கணும், பெரிய கதை. உனக்கு அது புரியாது. நீ போட் வந்துச்சா இல்லையான்னு மட்டும் போடு" என்றேன்.

"அச்சா" என்றாய். பிறகு மீன் விலையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

அடுத்த வருஷம் வயிற்றுவலி என்று ரங்கத்துக்குப் போனாய். அங்கிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து சென்னை. விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இவ்வளவு பெரிய இரும்பு எப்படிடி மேல நிக்குது, நீ படிச்சவதானே" என்று கேட்டுச் சிரித்தாய். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். நீ திரும்பி வரவில்லை.

உனக்குப் பிறகு லாங் ஐலண்ட் ஜெட்டியில் பொத்தானை அமுக்குவது அங்கே கயிறு பிடிக்கும் பெங்காலிக்காரர். இந்த வருஷம் மழை தொடங்கியதும் அவர் எனக்குப் போன் செய்தார். "தீதி, ஓடிபி ஆத்தா ஹி நஹி" என்றார். ஓடிபி வருவதே இல்லை, நாலு நாளாக அவரால் உள்ளே போக முடியவில்லையாம். போட் ரத்தான ஒரு நாளில் பழைய தகவலை நம்பி, டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவரைப் பிள்ளைகள் கட்டிலோடு ஜெட்டிக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். மழையில் திரும்பத் தூக்கிப் போனார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ சொன்ன வழிதான் சரியான வழி.

அன்று மதியமே உட்கார்ந்தேன். மெயில் கணக்கை வைத்து உள்ளே விட வேண்டுமென்றால், அந்தக் கணக்கு நிறுவனத்தின் தளத்தில் முதலில் ஒரு திட்டம் தொடங்கி, அதில் நம் செயலியைப் பதிய வேண்டும். செயலியின் முழுப்பெயரும் கையெழுத்துச் சாவியின் ரேகையும் கொடுத்தால், கிளையண்ட் ஐடி என்ற அடையாள எண் கிடைக்கும். பத்து நிமிஷ வேலை. இரண்டையும் கொடுத்து அமுக்கினேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்தப் பெயரும் இந்த ரேகையும் சேர்ந்து ஏற்கெனவே வேறொரு திட்டத்தில் பதிவாகியிருக்கின்றன என்றது.

மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதே வரி.

பெயர் ஒன்றாக இருக்கலாம், யாரும் எந்தப் பெயரையும் வைக்கலாம். ஆனால் ரேகையும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் சாவி ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்த சோடி உலகத்திலேயே ஒரு முறைதான் பதிவாக முடியும். யார் பதிந்தது என்று அந்தத் தளம் சொல்லாது. பெரும்பாலும் நாமே என்றோ பதிந்துவிட்டு மறந்திருப்போம். அதனால் என் மூன்று மெயில் கணக்குகளிலும் நுழைந்து பழைய திட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அழித்தவைகூட சில நாள் பிடித்துவைக்கப்பட்டிருக்கும் என்பதால் அங்கேயும் தேடினேன். சோதித்துப் பார்க்க மட்டும் வைத்திருக்கும் சோதனைச் சாவியின் ரேகையைத் தவறிப்போய்க் கொடுத்துவிட்டேனா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. என்னிடம் அந்தப் பதிவு இல்லை.

செயலியின் பெயரை மாற்றினால் ஒரு நிமிஷத்தில் பிரச்சினை தீரும். ஆனால் பெயர் மாறினால் அது வேறு செயலி ஆகிவிடும். தீவு தீவாக எல்லோரும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை இறக்க வேண்டும். டவரே கிடைக்காத இடத்தில், மழைக்காலத்தில், யார் போய் அதைச் செய்துகொடுப்பது?

என் சந்தேகம் சென்னையில் ஒருவர்மேல் விழுந்தது. செயலியைப் பெரிதாக்க முடியுமா என்று யோசனை கேட்டு முன்பு அவருக்குப் புரோகிராம் எழுத்தை அனுப்பியிருந்தேன். அவர்தான் தன்னுடையதாகப் பதிந்துகொண்டார் என்று முடிவுகட்டி, காரமாக ஒரு மெயில் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அவரே போனில் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க எனக்கு சோர்ஸ் மட்டும்தான் அனுப்பினீங்க. கீ ஃபைல் அனுப்பவே இல்லையே. செக் பண்ணிப் பாருங்க. அந்தக் கீ வேற யார்கிட்ட இருக்கு?"

கோபமே இல்லாமல் கேட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். வேறு யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் அந்தச் சாவி இருந்தது இரண்டே இடங்களில். ஒன்று என் லேப்டாப், இன்னொன்று உன்னிடம் கொடுத்த பென் டிரைவ். ஆனால் நீ மளிகைக்கடைக்காரி. நீ எதற்கு அதைப் பதியப்போகிறாய்? யாராவது உன்னை ஏமாற்றி வாங்கிக்கொண்டார்களா? மறுநாள் காலைப் போட்டில் கிளம்பினேன்.

சலீம் பாய் ஜெட்டியிலேயே நின்றார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. கடைக்குள் உட்காரவைத்து டீ கொடுத்தபடி நான் சொன்னதைக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "அவ லேப்டாப்ல பாக்கறீங்களா?" என்றார்.

உன்னிடம் லேப்டாப் இருந்ததே எனக்குத் தெரியாது.

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதும்மா. காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடி ஜெட்டி முனையில போய் உக்காந்துக்குவா. சிக்னல் அங்கதான் வரும். அதுகிட்டயே சண்டை போட்டுக்கிட்டுத் தட்டிக்கிட்டு இருப்பா. என்னான்னு நான் கேட்டதில்ல. ஏதோ உங்க ரெண்டு பேரு வேலைன்னு நினைச்சேன்."

டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்தார். ஒரு மணி நேரம் சார்ஜில் போட்டபின் உயிர் வந்தது. இருவருமாக ஜெட்டி முனைக்குப் போனோம். அந்தத் தளத்தைத் திறந்தபோது உன் கணக்கு தெரிந்தது. உள்ளே விட, உன் போனில் 'ஆம்' என்று அமுக்கச் சொல்லிக் கேட்டது. உன் சிம்முக்கு அவர் இன்னமும் ரீசார்ஜ் செய்துவருகிறார் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சட்டைப்பையிலிருந்து உன் போனை எடுத்தவர், உடனே அமுக்கவில்லை.

"அவ சொந்த விஷயம் ஏதும் இருக்குமாம்மா?"

"ஆப் விஷயம் மட்டும்தான் பாய் பாப்பேன். நீங்க பக்கத்துலயே இருங்க."

அமுக்கினார்.

திரையில் நான்கு திட்டங்கள் வரிசையாக இருந்தன. 'போட் ட்ரை' ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தாய். முதல் மூன்றும் பாதியில் நின்றிருந்தன. நான்காவதில் எல்லாம் இருந்தது. செயலியின் பெயர், சாவியின் ரேகை, கிளையண்ட் ஐடி, எல்லாம். தொடர்புக்கு என்ற கட்டத்தில் உன் மெயில் இல்லை, என் மெயில் இருந்தது. யாரும் உன்னை ஏமாற்றவில்லை. 'உனக்குப் புரியாது' என்று நான் சொன்ன அந்தப் பெரிய கதையை, ஒன்றிரண்டு சிக்னல் கோட்டை வைத்துக்கொண்டு, கடை திறக்கும்முன் நீயே படித்து முடித்திருக்கிறாய்.

அதே லேப்டாப்பில் 'கேக்கவேண்டியது' என்று ஒரு கோப்பும் இருந்தது. கேள்விகளாக எழுதிவைத்திருந்தாய். விடை கிடைத்தவற்றுக்குக் கீழே விடை இருந்தது. கைரேகை என்றால் என்ன என்ற கேள்விக்குக் கீழே, "சாவியைப் பிழிஞ்சா வர்ற சாறு. சாவியிலிருந்து சாறு எடுக்கலாம், சாறை வச்சு சாவி பண்ண முடியாது. அதான் தைரியமா வெளில காட்டலாம்" என்று எழுதியிருந்தாய். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்னொரு இடத்தில், "சோதனைச் சாவிக்கு வேற ரேகை, நிஜச் சாவிக்கு வேற ரேகை. இதுல ரெண்டு வாரம் போச்சு." அதற்கடுத்து, "வசந்திகிட்ட கேக்கலாமா? வேணாம், வேலையா இருப்பா. எரிஞ்சு விழுவா."

என் பெயர் இருந்த அந்த வரியைப் பாய் பார்த்துவிடக் கூடாதென்று திரையை நகர்த்தினேன். அவர் பார்த்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

நான் வந்த வேலையைச் செய்தாக வேண்டும். உன் நான்காவது திட்டத்தைத் திறந்து பதிவின்மேல் கையை வைத்தேன். பாய் எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"இதை டிலீட் பண்ணணும் பாய். கொஞ்ச நாள் காத்திருந்தா அந்தப் பேரு விடுபட்டுடும். அப்புறம் என் கணக்குல நான் பதிஞ்சுக்குவேன்."

"அவ போட்டதுல தப்பு இருக்கா?"

பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ரேகையை இரண்டிரண்டு எழுத்தாக என் தாளோடு ஒத்துப் பார்த்தேன்.

"இல்ல பாய். சரியாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்கு அழிக்கணும்? அவ செஞ்சதையே வச்சுக்க முடியாதா?"

முடியும். எந்தத் தடையும் இல்லை. உன் திட்டத்தில் என்னையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொண்டு, உன் கிளையண்ட் ஐடியை எடுத்து நம் செயலியில் எழுதிவிட்டால் முடிந்தது. அது என் கணக்கில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சிவப்பு வரி வந்த நாளிலிருந்து எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. பதிவு என்றால் அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

"முடியும் பாய்" என்றேன்.

"பின்ன?" என்றார், அவ்வளவுதானே என்பது போல.

சேர்த்துக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து செயலியைத் திருத்தி, கயிறு பிடிப்பவரின் போனில் ஏற்றினோம். அவர் ஒருமுறை தொட்டார், உள்ளே போனார். "பஸ்? இத்னா ஹி?" என்று என்னைப் பார்த்தார். இவ்வளவுதானா என்கிறார். "இவ்வளவுதான்" என்று பாய் தமிழிலேயே பதில் சொன்னார். கிளம்பும்போது லேப்டாப்பை என் கையில் கொடுத்துவிட்டார். "இது உங்ககிட்ட இருந்தாத்தான் வேலைக்கு ஆகும்மா" என்றார்.

அந்தக் கோப்பில் விடை எழுதாத கேள்விகள் இரண்டு இருந்தன. முதலாவது, "ஒரே பதிவுக்கு ரெண்டு பேர் சொந்தக்காரங்களா இருக்கலாமா? வசந்தியை எப்படிச் சேக்கிறது?" அதற்குக் கீழே நான் விடை எழுதிவிட்டேன். எந்தப் பக்கம் போய், எதை அமுக்கி, என்ன பெயரைப் போட வேண்டும் என்று ஒவ்வொரு படியாக, உனக்கு எழுதுவது போலவே.

இரண்டாவதுதான் கடைசிக் கேள்வி. "ஒரு நாள்ல எத்தனை பேரு எத்தனை தடவை பாக்கறாங்கன்னு நமக்குத் தெரியுமா? தெரிஞ்சா நாம என்ன செய்வோம்?"

முதல் பாதி சுலபம். யார் என்ற பெயர் இல்லாமல், ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, எந்த ஜெட்டிக்காக எத்தனை முறை திறந்து பார்க்கிறார்கள் என்று மட்டும் எண்ணும்படி வைத்தேன். பாய்க்கும் மற்ற ஜெட்டிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். பார்க்கத் தொடங்கியபின் எனக்கே அதில் ருசி வந்துவிட்டது. கடல் அடிக்கும் நாளில் எண்ணிக்கை ஏறும், வெயில் நாளில் இறங்கும். பரீட்சைக் காலத்தில் ரங்கத் பக்கம் விடியும்முன்பே ஆரம்பித்துவிடுகிறது. இதையெல்லாம் உன்னிடம் சொன்னால் நீ இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பாய்.

ஒரு கணக்கு மட்டும் எனக்குப் புரியவில்லை. லாங் ஐலண்டில் ஒரே போனிலிருந்து தினமும் காலையில் ஐந்தாறு முறை திறக்கப்படுகிறது. வெயில், மழை என்ற வித்தியாசமே இல்லை. போட் நிச்சயமாக உண்டு என்று போட்ட பிறகும் திறக்கப்படுகிறது. யாராவது தீராத நோயாளியோ, ஏதாவது உதவி தேவையோ என்று கவலையாகிப் பாய்க்குப் போன் செய்து, கொஞ்சம் விசாரிக்க முடியுமா என்று கேட்டேன்.

கடையை விட்டு வெளியே வந்தார் போலிருந்தது, கடல் சத்தம் கூடியது.

"விசாரிக்க வேணாம்மா. அது நான்தான்."

"நீங்களா? உங்க கடையிலேர்ந்து பாத்தா ஜெட்டியே தெரியுமே பாய்."

"தெரியும். கண்ணுக்கு முன்னாடிதான் போட் நிக்குது. அவ இருந்த வரைக்கும் நான் ஒரு தடவைகூட அதைத் திறந்து பாத்ததில்லம்மா."

போனை வைத்தபின், அந்த எண்ணிக்கையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். இன்று காலையும் பார்த்தேன், ஆறு முறை.

தெரிந்தால் நாம் என்ன செய்வோம் என்று கேட்டாய். தெரிந்துவிட்டது. அதற்குக் கீழே என்ன எழுதுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போட்டுக்குக் காத்திருக்கும்போதும் சோறு பொங்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சலித்துக்கொள்ளவில்லையடி. யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.